மூளைக்குள் எல்லைக்கல் எங்கே?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கறி வாங்கும் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே ஆள் நிற்கும். தலைக்கறி கேட்பவர்களுக்குத் தலையை நடுவில் பிளந்து, மூளையை வழித்து வாழையிலைத் துண்டில் வைத்துத் தருவார் கடைக்காரர். போன மாதம் நான் கேட்டது வேறு.

“பாய், மூளை உடையாம முழுசா வேணும். சமைக்க இல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் காட்ட.”

“அப்போ தலையப் பிளக்கக் கூடாது டீச்சரம்மா. மேல் ஓட்டச் சுத்தித் தட்டிப் பேத்து எடுக்கணும். கூட்டம் கொறையட்டும், பத்து மணிக்கு மேல வாங்க.”

பத்து மணிக்குப் போனேன். சொன்னபடியே எடுத்து வைத்திருந்தார். கூடவே ஒரு கழுத்தெலும்பையும் பொட்டலத்தில் போட்டார். “மூளையோட வாலு இதுக்குள்ளதான் ஓடுது, இதையும் காட்டுங்க.” தண்டுவடம் தனி உறுப்பல்ல, மூளையின் தொடர்ச்சிதான் என்று புரியவைக்க எனக்கு ஒரு பீரியட் ஆகும். அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

மறுநாள் ஆய்வகத்தில் பீங்கான் தட்டில் வைத்தோம். நூறு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். வெளிறிய இளஞ்சிவப்பு நிறம், மேலெல்லாம் மெல்லிய ரத்தக்குழாய்கள். தொட்டால் சீம்பால் கட்டி போல அதிர்ந்தது. விரலைச் சற்று அழுத்தினாலும் குழி விழும். முன்வரிசையில் நின்ற மாணவி தட்டையும் பாடப்புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மிஸ், புத்தகத்துல ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கலர், நடுவுல கோடு எல்லாம் போட்டிருக்காங்க. இதுல ஒண்ணையும் காணோமே?”

நான் அதுவரை வகுப்பில் சொல்லாமலே விட்ட விஷயம் அது. மூளையில் கோடு கிடையாது. கோட்டைப் போட்டவர்கள் மனிதர்கள். எதைப் பார்த்துப் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் எந்த மூளைப் படத்தையும் படிக்க முடியும். செய்தித்தாளில் வரும் வண்ண மூளைப் படத்துக்கும் இதே கதைதான்.

முதலில், வெறும் கண்ணுக்கே தெரிவதைப் பார்த்துவிடுவோம். முன்னால் இரண்டு சிறு குமிழ்கள், மோப்பத்துக்கு. அவற்றின் பின்னால் மடிப்பு மடிப்பாகப் பெருமூளை. அதற்கும் பின்னால் சிறுமூளை. அடியில் தண்டுபோல் இறங்கி முகுளமாகி, கழுத்துக்குள் நுழையும்போது தண்டுவடம் என்று பெயர் மாறுகிறது. கருவில் இவை எல்லாமே ஒரே குழாய். வெற்றிலையைச் சுருட்டுவது போல ஒரு செல் தகடு சுருண்டு மூடிக் குழாயாகிறது. மனிதக் கருவில் இது நான்காவது வாரத்தில் நடக்கிறது. குழாயின் முன் முனை மூன்று மணிகளாக உப்பும். அவைதான் முன்மூளை, நடுமூளை, பின்மூளை. மீதிக் குழாய் தண்டுவடம். பாய் சொன்ன வால்.

பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பு பொது. எலியின் மூளை சுமார் 2 கிராம். மடிப்பே இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். மனித மூளை 1,300 கிராமுக்கு மேல். யானைக்கு ஏறக்குறைய 5 கிலோ. எடையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் உறுப்புகளின் வரிசை மாறுவதில்லை. புதுவை வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு என்று எல்லா வீட்டிலும் அதே வரிசை. ஆனால் எந்தக் கட்டு அகலம், எது குறுகல் என்பது அந்தக் குடும்பத்தின் பிழைப்பைப் பொறுத்தது. மோப்பத்தில் பிழைக்கும் எலிக்கு மோப்பக் குமிழ் பெரிது; நமக்கு அது தீக்குச்சித் தலையைவிடச் சற்றுப் பெரிய சங்கதி. தேவனாம்பட்டினத்து மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் டால்ஃபினுக்கு மோப்பக் குமிழே இல்லை. அந்த அறையையே அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறாக, ஒலியைக் கேட்டே கடலில் வழி அறியும் அதற்கு, நடுமூளையில் கேட்டலுக்கான மேடு நன்றாகப் பருத்திருக்கும்.

இந்தப் பொது வரிசை இருப்பதால்தான் எலியிலும் பூனையிலும் கண்டதை வைத்து மனித மூளையில் எங்கே தேடலாம் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் அப்படியே பெயர்த்து ஒட்டக் கூடாது. மூளையிலிருந்து கைகால் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் முக்கிய நரம்புக் கற்றை, நமக்குத் தண்டுவடத்தின் பக்கவாட்டில் இறங்குகிறது; எலிக்கு அதன் பெரும்பகுதி முதுகுப் பக்கமாக இறங்குகிறது. புறப்படும் ஊரும் போகும் ஊரும் ஒன்று, சாலை வேறு. எலியின் தண்டுவடக் காயத்தில் பலித்த சிகிச்சையை மனிதருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் மறக்கக் கூடாத வித்தியாசம் இது.

இனி அந்த மாணவியின் கோட்டுக்கு வருகிறேன்.

கடலூரிலிருந்து புதுவைக்குப் பேருந்தில் போகும்போது ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கி, ரெட்டிச்சாவடி கடந்தால் முள்ளோடை. அங்கே புதுச்சேரி தொடங்குகிறது. தரையில் பார்த்தால் அதே மண், அதே தென்னை. ஆனாலும் எல்லை தாண்டிவிட்டோம் என்று ஜன்னலோரம் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். கடைப்பலகை மாறுகிறது, வண்டி எண்ணில் டிஎன் போய்ப் பிஒய் வருகிறது, காவலர் தலையில் சிவப்புத் தொப்பி வருகிறது. கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவை வேறு வேறு.

எங்கள் ஊரில் இன்னொரு வகை எல்லையும் உண்டு. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் தங்களுக்கு என்று ஒப்பந்தம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. மண்ணைப் பார்த்தோ மக்களைப் பார்த்தோ வகுத்த எல்லை அல்ல அது. மூளைக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் எல்லை போட்டார்கள். 1800களின் தொடக்கத்தில் ஃப்ரான்ஸ் யோசஃப் கால் என்ற மருத்துவர், மண்டையோட்டு மேடுகளைத் தடவிப் பார்த்து, இது பேராசையின் இடம், இது பக்தியின் இடம் என்று பிரிக்கும் ஒரு முறையைப் பரப்பினார். மூளையின் வெவ்வேறு இடங்களுக்கு வெவ்வேறு வேலை என்ற அவருடைய அடிப்படைக் கருத்து பின்னாளில் நின்றது. வரைந்த எல்லைகளில் ஒன்றும் நிற்கவில்லை.

முள்ளோடை வகை எல்லையை மூளையில் தேட, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூளைத் திசுவை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் எல்லாம் ஒரே வெளிறலாக இருக்கும். சாயம் ஏற்றினால்தான் உருவம் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் துணிக்காகத் தயாரித்த அனிலின் சாயங்கள்தான் இதற்கு வழி திறந்தன. நீலச் சாயத் துணியை ஆப்பிரிக்கா வரை ஏற்றுமதி செய்த புதுச்சேரிக்காரர்களுக்கு, சாயம் எல்லா இழையிலும் ஒரே மாதிரி ஏறாது என்று சொல்லித்தரத் தேவையில்லை. ஃப்ரான்ஸ் நிஸ்ல் என்ற ஜெர்மானியர் கண்டறிந்த முறையில், சாயம் நரம்பு செல்லின் உடலைப் பிடிக்கும், அதன் நீண்ட இழைகளை விட்டுவிடும். செல்கள் எங்கே நெருக்கம், எங்கே கலைவு, எங்கே பெரிது, எங்கே பொடி என்று ஊதாப் புள்ளிகளாகத் தெரியும்.

அந்தப் புள்ளிகளைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தவர் கோர்பினியன் பிராட்மன். பாலூட்டிகளின் பெருமூளைப் புறணி, அதாவது பெருமூளையின் மேற்பட்டை, பொதுவாக ஆறு அடுக்கு. ஊன்றிப் பார்த்தால் அடுக்குகளின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் நான்காம் அடுக்கு தடித்திருக்கும், இன்னோரிடத்தில் ஐந்தாம் அடுக்கில் மிகப் பெரிய செல்கள் நிற்கும். மாறும் இடத்தில் கோடு போட்டு, பார்த்த வரிசையிலேயே எண் கொடுத்துக்கொண்டு போனார். 1909இல் வெளிவந்த அவருடைய படத்தில் எண்கள் 52 வரை போகின்றன. மனிதரோடு நிறுத்தாமல் குரங்கு, லெமூர், முயல், முள்ளெலி என்று பல பாலூட்டிகளை ஒப்பிட்டார். 4ஆம் பகுதி அசைவுக்கு, 17ஆம் பகுதி பார்வைக்கு என்று இன்றும் நரம்பியல் மருத்துவர்கள் அவர் எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

17ஆம் பகுதிக்கு மட்டும் ஒரு சிறப்பு. மனித மூளையில் அதன் எல்லை சாயம் இல்லாமலே தெரியும். 1776இல் இத்தாலியில் ஃப்ரான்செஸ்கோ ஜென்னாரி என்ற மருத்துவ மாணவர், உறைய வைத்த மூளையை வெட்டும்போது, பின்பக்கப் புறணிக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடி ஓரிடத்தில் நிற்பதைக் கண்டார். புறணி எங்கும் ஒரே மாதிரி இல்லை என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது, கண்டவர் ஒரு மாணவர் என்று வகுப்பில் சொல்லும்போது எனக்குக் குரல் சற்று உயர்ந்துவிடும். இந்த ஒரே இடத்துக்கு இன்று 17ஆம் பகுதி, முதன்மைப் பார்வைப் புறணி, வரிப் புறணி, வி1 என்று நான்கு பெயர்கள். புதுவை வீதி முனையில் நீலப் பலகையில் தமிழில் ஒரு பெயரும் பிரெஞ்சில் ஒரு பெயரும் இருந்தாலும் வீதி ஒன்றுதானே. புதிதாகப் படிப்பவர்கள் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். ஹிப்போகாம்பஸ் என்றால் கடல்குதிரை, அமிக்டலா என்றால் வாதுமைக் கொட்டை, பான்ஸ் என்றால் பாலம், கார்டெக்ஸ் என்றால் மரப்பட்டை. பார்த்த மாத்திரத்தில் எது ஞாபகம் வந்ததோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

நிஸ்ல் சாயம் வீடுகளைக் காட்டும், தெருக்களைக் காட்டாது. எந்த செல் எங்கே கிளை விடுகிறது என்று தெரிய வேறு சாயம் வேண்டும். பிச்சாவரத்தில் படகில் போகும்போது சுரபுன்னை வேர்களைப் பாருங்கள். எந்த வேர் எந்த மரத்துடையது என்று சொல்லவே முடியாது. ஆயிரம் மரத்தில் ஒரே ஒரு மரம் மட்டும் வேர் நுனி வரை கறுப்பாகிவிட்டால்? காமில்லோ கோல்ஜி 1873இல் வெளியிட்ட வெள்ளி உப்பு முறை அதைத்தான் செய்தது. நூறு செல்லில் ஓரிரண்டு மட்டும், கிளை நுனி வரை, கறுத்துத் தெரியும். அந்த முறையைக் கையில் எடுத்த ஸ்பெயின்காரர் ரமோன் இ காஹால் 1888 முதல் வரைந்து தள்ளினார். நரம்பு செல்கள் தனித்தனி மரங்கள், ஒன்றோடொன்று ஒட்டிய வலை அல்ல என்றார். கோல்ஜி வலை என்றே கடைசிவரை நம்பினார். 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. ஒரே சாயத்தில் ஒரே திசுவைப் பார்த்த இருவர் இரண்டு வரைபடம் வைத்திருந்தார்கள்.

தண்டுவடத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. பள்ளிப் பாடத்தில் அது எப்போதும் ஓரமாக நிற்கும். நம் உடம்பின் வரைபடத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

குறுக்கே வெட்டினால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி, சுற்றிலும் வெள்ளை. சாம்பலில் செல்கள் குடியிருக்கின்றன, வெள்ளையில் கம்பிகள் ஓடுகின்றன. வயிற்றுப் பக்கத்து இறக்கையில் தசையை இயக்கும் செல்கள். முதுகுப் பக்கத்து இறக்கையில் தொடுதல், வலி, சூடு வந்து சேரும் செல்கள். மனிதரில் இடமும் வலமுமாக 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. தடிமன் முழு நீளத்துக்கும் ஒன்றல்ல. கைக்கு நரம்பு போகும் கழுத்துப் பகுதியிலும், காலுக்குப் போகும் இடுப்புப் பகுதியிலும் பருத்திருக்கும். பின்னங்கால் இல்லாத ஓங்கிலுக்கு அந்த இடுப்புப் பருமன் பெயரளவில்தான் உண்டு. உடம்பைப் பார்க்காமல் தண்டுவடத்தை மட்டும் பார்த்தே அந்த விலங்குக்குக் கால் உண்டா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பட்டாம்பூச்சிக்குள்ளும் எல்லைகள் உண்டு. 1952இல் ப்ரோர் ரெக்ஸெட் என்ற ஸ்வீடன்காரர் பூனையின் தண்டுவடத்தில் செல்களின் அளவையும் நெருக்கத்தையும் பார்த்து, முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பத்துப் பகுதிகளாகப் பிரித்தார். பூனையில் பிரித்தது மற்ற பாலூட்டிகளுக்கும் பொருந்தியது. இன்றும் வலி ஆய்வாளர்கள் ‘இரண்டாம் அடுக்கு’ என்றால் ரெக்ஸெட்டின் இரண்டாம் அடுக்குதான். இதே ரெக்ஸெட் பிற்பாடு நாட்டின் சுகாதார நிர்வாகத்துக்குத் தலைவரானார். 1967இல், இனி ஊழியர் எல்லாரையும் ‘நீ’ என்றே அழைப்பேன், அவர்களும் என்னை அப்படியே அழைக்கலாம் என்று அறிவித்தார். ஸ்வீடனில் மரியாதைப் பட்டங்கள் போட்டுப் பேசும் வழக்கம் மறைந்ததற்கு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். செல்களுக்கு இடையே எல்லை கண்டவர் மனிதர்களுக்கு இடையே ஒரு எல்லையை எடுத்துவிட்டார் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

தண்டுவடத்தின் வரைபடம் நம் தோலின்மேலும் எழுதியிருக்கிறது. அக்கி வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாட்டி ஊரில் குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதி வருவார்கள். கொப்புளங்கள் உடம்பெங்கும் பரவாமல், ஒரே பக்கமாக, முதுகிலிருந்து விலா வழியாக வயிற்றுக்கு ஒரு பட்டை மாதிரி ஓடி, நடுக்கோட்டில் நின்றுவிடும். ஏன் நிற்கிறது? சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி, தண்டுவடத்தை ஒட்டி இருக்கும் ஒரு நரம்பு முடிச்சுக்குள் பதுங்கிக் கிடந்து, பல ஆண்டு கழித்து அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. அந்த நரம்பு எந்தப் பட்டைக்குப் பொறுப்போ அந்தப் பட்டை மட்டும் கொப்பளிக்கிறது. 1900இல் இங்கிலாந்தில் ஹென்றி ஹெட், கேம்பெல் என்ற இரு மருத்துவர்கள் அக்கி நோயாளிகளின் கொப்புளப் பட்டைகளைப் படம் வரைந்து வரைந்தே, எந்தத் தண்டுவட நரம்புக்கு எந்தத் தோல் என்ற வரைபடத்தைத் தயாரித்தார்கள். தொப்புள் மட்டம் மார்புப் பகுதியின் 10ஆம் நரம்பு. கட்டைவிரல் கழுத்தின் 6ஆம் நரம்பு, சுண்டுவிரல் 8ஆம் நரம்பு. கழுத்துத் தேய்மானக்காரரிடம் மருத்துவர் “எந்த விரல் மரத்துப் போகுது?” என்று கேட்பது இந்தப் படத்தை மனதில் வைத்துத்தான். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அக்கிக்கு இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது, கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். காவி எழுதப் போகிறவர்கள் மருத்துவரிடமும் போய்விடுங்கள்.

நின்ற மனிதரின் மேல் இந்தப் பட்டைகளை வரைந்தால் காலில் ஏன் இப்படிக் கோணலாகச் சுற்றுகின்றன என்று குழப்பம் வரும். அவரை ஆடு மாதிரி நான்கு காலில் நிற்க வைத்துப் பாருங்கள். தலையிலிருந்து வால் பக்கம் வரை பட்டைகள் வரிசையாக இறங்கிவிடும். நாம் எழுந்து நின்றது பிற்பாடு. நரம்புகள் பழைய வரிசையிலேயே இருக்கின்றன.

பலரும் பயப்படும் ஒரு விஷயமும் இந்த வரைபடத்தில் தெளிவாகிறது. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் தண்டுவடம் பாதிக்குமோ என்று எத்தனை பெண்கள் தவித்திருக்கிறார்கள். வளர்ந்தவர்களில் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. கருவில் மூன்றாம் மாதம் வரை முதுகெலும்புக் கால்வாய் முழுக்க நிறைந்திருந்தது. அதன்பின் எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்கி மேலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்பு இழைகள் மட்டும் நீரில் மிதக்கும். ஊசி இறங்குவது அந்தக் கீழ்ப் பகுதியில்.

எட்டு ஆண்டுக்கு முன் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாங்கள் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாய் திறந்தால் “வா, வா” என்ற ஒரே சொல்தான் வந்தது. ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார்கள். கறுத்த திட்டு ஃபிலிமின் வலப்பக்கம் இருந்தது. உயிரியல் சொல்லித்தருகிற எனக்கே தலை சுற்றியது. உடம்பின் வலப்பக்கம் செயலிழந்தால் மூளையின் இடப்பக்கம் அல்லவா அடிபட்டிருக்க வேண்டும்? மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ஃபிலிமில் இருப்பது, படுத்திருக்கும் நோயாளியைக் காலடியில் நின்று பார்க்கும் தோற்றம்; அவருடைய இடப்பக்கம் நம் வலக்கைப் பக்கம் வரும். திட்டு இருந்தது அப்பாவின் இடது மூளையில்தான்.

கட்டளைக் கம்பிகள் மூளையிலிருந்து இறங்கி, முகுளத்தின் அடிப்பகுதியில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. அதனால்தான் இடதில் அடிபட்டால் வலது விழுகிறது. பேச்சின் இடத்தை முதலில் குறித்தவர் பாரிஸின் போல் ப்ரோகா, 1861இல். அவருடைய நோயாளி ஒருவருக்கு எல்லாம் புரியும். வாயில் வந்த சொல் “டான்” மட்டும். இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்தபோது இடது முன்மடலில் சேதம் இருந்தது. அப்பாவின் “வா, வா”வைக் கேட்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த மனிதரின் நினைவு எனக்கு வரும். மூளை வரைபடத்தின் பெரும்பகுதி இப்படி இழந்தவர்கள் விட்டுப்போனது. இறந்தபின் உடலைத் தானம் செய்தவர்கள் விட்டுப்போனதும்கூட.

அடுத்து, எந்த செல் எந்த செல்லோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடம். வெறிநாய்க்கடிக் கிருமி கடித்த இடத்து நரம்பில் ஏறி, செல்லுக்குச் செல் தாவி மூளைக்குப் போகிறது. அதன் பாதை நரம்பின் இணைப்புப் பாதையேதான். 2007இல் ஆய்வாளர்கள் அந்தக் கிருமியின் ஒரு மரபணுவை எடுத்துவிட்டு, ஒரே ஒரு தாவலோடு நின்றுவிடும்படி செய்து, ஒளிரும் புரதத்தையும் ஏற்றினார்கள். எலியின் ஒரு செல்லில் அதை விட்டால், அந்த செல்லுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் செல்கள் மட்டும் ஒளிரும். அவ்வளவு உயிரைக் குடித்த கிருமியையே வழிகாட்டியாக்கிய அந்த வேலையை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்புதான்.

இதெல்லாம் கண்டாலும், ஒருவர் கண்ட இடத்துக்கு இன்னொருவர் போய்ச் சேர முகவரி வேண்டும். குழந்தையின் உச்சிக்குழியில் எண்ணெய் வைப்போமே, அந்தக் குழி மூடிய பின் மண்டையோட்டில் எலும்புகள் கூடும் ஒரு புள்ளி அங்கே மிஞ்சும். அதற்கு ப்ரெக்மா என்று பெயர். எலிக்கும் அந்தப் புள்ளி உண்டு. எலி மூளை வரைபடப் புத்தகங்களில் அதைத்தான் பூஜ்யம் என்று வைத்து, அங்கிருந்து பின்னால் இத்தனை மில்லிமீட்டர், பக்கவாட்டில் இத்தனை, ஆழம் இத்தனை என்று முகவரி எழுதுகிறார்கள். விலங்கின் தலையைச் சட்டத்தில் பொருத்தி இப்படி அளக்கும் கருவியை லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் 1908இல் விவரித்தார்கள்.

மனிதரில் இது சிக்கல். ஆளுக்கு ஆள் மடிப்பு வேறு. 2016இல் 210 பேரின் எம்ஆர்ஐ படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, பக்கத்துக்கு 180 பகுதிகள் என்று ஒரு குழு எல்லை வகுத்தது. பிராட்மனின் எண்ணிக்கைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இதனால் பிராட்மன் தவறாகிவிடவில்லை. அவர் செல் அடுக்கை மட்டும் கேட்டார். இவர்கள் அடுக்கு, இணைப்பு, வேலை, நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள்.

சீவி ஒட்டும் வேலையும் நடக்கிறது. 2013இல் 65 வயதான ஒருவரின் மூளையை 7,404 சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, கணினியில் மீண்டும் முழு மூளையாக அடுக்கினார்கள். வாழைக்காயைச் சீவி, அத்தனை சீவலையும் ஒன்றுகூட மடங்காமல் பழையபடி வாழைக்காயாக்குவது போன்ற வேலை. நம் பக்கத்திலேயே, சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான கருச்சிசு மூளைகளின் 5,132 சீவல்களை செல் அளவுக்குப் படமெடுத்து, 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது. இணைப்பு வரைபடத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றால், 1986இல் 302 நரம்பு செல் கொண்ட ஒரு புழுவின் வரைபடம் முடிந்தது. 2024இல் சுமார் 1,39,000 நரம்பு செல் கொண்ட பழ ஈயின் மூளை முடிந்தது. 2025இல் சுண்டெலியின் பார்வைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டர், ஒரு கடுகளவு, வெளிவந்தது. அந்தக் கடுகுக்குள் சுமார் 84,000 நரம்பு செல்கள், 50 கோடிக்கும் மேல் இணைப்புகள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன.

எங்கள் ஆட்டு மூளையும் கழுத்தெலும்பும் இரண்டு வாரம் ஃபார்மலினில் கிடந்தன. கையுறை போட்டு நானே எடுத்து, தண்ணீரில் நெடுநேரம் அலசி, சன்னலைத் திறந்து வைத்தபின்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். சீம்பாலாக இருந்தது இப்போது பன்னீர்க் கட்டியாக இறுகியிருந்தது. சிறுமூளையை நடுவில் அறுத்ததும் உள்ளே வெள்ளையாக ஒரு மரம், கிளையும் சிறுகிளையுமாக. கழுத்தெலும்பை இடுக்கியால் உடைத்துத் தண்டுவடத்தை வெளியே எடுத்து, சவர பிளேடால் மெல்லிய வட்டமாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்துச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். கைக்கண்ணாடி பெஞ்சு பெஞ்சாகக் கைமாறியது. அந்த மாணவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். சாம்பல் இறக்கை முடிந்து வெள்ளை தொடங்கும் விளிம்பைப் பென்சில் முனையால் தொடாமல் காட்டி, “மிஸ், இங்க ஒரு கோடு இருக்கு” என்றாள்.